நகருக்குள் நாலு மாடி: வாசகர் கேள்விகள், பதில்கள்

தருமபுரி நான்கு ரோட்டைச் சுற்றியும், கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலை, லண்டன்பேட்டைப் பக்கமும் பழைய ஓட்டு வீடுகள் இறங்கி, அதே மனையில் மூன்று, நான்கு மாடி அடுக்ககங்கள் எழுகின்றன. மனை கொடுப்பவர்கள், வீடு வாங்குபவர்கள், வாங்கிக் குடியிருப்பவர்கள் என மூன்று தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. கட்டுமானப் பொறியாளர்களும் பத்திர வேலை தெரிந்த வழக்கறிஞர்களும் சேர்ந்து இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

கேள்வி: தருமபுரி பென்னாகரம் சாலையை ஒட்டி அப்பா பெயரில் 15 சென்ட் இருக்கிறது. அதில் பழைய வீடும் ஒரு கிணறும் உண்டு. கட்டுநர் ஒருவர் ஸ்டில்ட் (தரைமட்டத்தில் தூண்கள் மட்டும் உள்ள வாகன நிறுத்தம்) வைத்து நாலு மாடி, 12 வீடு கட்டி, 'ஆறு உங்களுக்கு, ஆறு எனக்கு' என்கிறார். அப்பா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர், அக்கா ஒருவர், அம்மா இருக்கிறார். கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?
- ஒரு வாசகர், தருமபுரி

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்குள் முடிக்க வேண்டிய வேலை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை நாலு பேர் பெயருக்கும் மாற்றுங்கள். அக்காவுக்குக் கல்யாணத்தில் நகை போட்டுவிட்டோம், அவர் கையெழுத்து வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அவர் ஒப்பாத ஒப்பந்தத்தை எந்த வங்கியின் சட்ட ஆலோசகரும் ஏற்க மாட்டார். அதனால் கட்டுநரிடம் வீடு வாங்குபவர்களுக்குக் கடன் கிடைக்காமல், வேலை பாதியில் நிற்கும். அம்மா, அக்கா உட்பட நால்வரும் ஒப்பந்தத்தில் நேரடியாகக் கையெழுத்திடுவதே நேர்வழி. 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வேயரை வைத்து மனையை அளந்துவிடுங்கள். பத்திரத்தில் 15 சென்ட் இருக்கும். தரையில் பக்கத்துக் காம்பவுண்ட் உள்ளே வந்து 14 சென்ட்தான் நிற்கும். திட்ட அனுமதி தரையில் இருப்பதற்குத்தான் கிடைக்கும்.

அடுத்தது கணக்கு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 15 சென்ட் என்றால் 6,534 சதுர அடி, அதாவது சுமார் 607 சதுர மீட்டர். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி, 18.30 மீட்டர் உயரத்துக்குள் அடங்கும் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2. ஆக அதிகபட்சம் 13,068 சதுர அடி. சாலை அகலமும் நாலு பக்கமும் விட வேண்டிய காலியிடமான செட்பேக்கும் அதில் எவ்வளவு தேறும் என்று தீர்மானிக்கும். நாலு மாடிக்குப் பங்கு போட்டால் மாடிக்கு 3,267 சதுர அடி, மனையில் சரி பாதி. மீதிப் பாதியில்தான் செட்பேக், வண்டி உள்ளே வரும் வழி, சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம் அடங்க வேண்டும். படிக்கட்டும் நடைபாதையும் 12 முதல் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். அது போக வீட்டுக்குச் சுமார் 940 சதுர அடி. கட்டுநர் வீட்டுக்கு 1,200 என்று சொன்னால், எந்தக் கணக்கில் 1,200 என்று உட்கார்ந்து கேளுங்கள். ஒன்று அது பொது இடம் சேர்த்த கணக்கு. இல்லையென்றால் அனுமதி மீறிக் கட்டப் போகிறார்.

'ஆறு வீடு' என்று மட்டும் ஒப்பந்தத்தில் எழுதுவது போதாது. எந்த மாடி, எந்தத் திசை, எந்த எண், எந்தக் கார் நிறுத்தம் என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டி இணைக்க வேண்டும். தனியாக எழுத வேண்டியவை இன்னும் உண்டு. அனுமதி கிடைத்த தேதியிலிருந்து எத்தனை மாதம், தாமதமானால் மாதத்துக்கு எவ்வளவு (உங்கள் ஆறு வீட்டுக்கும் வரக்கூடிய வாடகையைக் கணக்கிட்டு வைப்பதே நியாயம்), வேலை முடியும்வரை நீங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு யார் பணம் கட்டுவது, நாளைக்குக் கூடுதல் தளத்துக்கு அனுமதி கிடைத்தால் அது யாருக்கு, மொட்டைமாடி உரிமை யாருக்கு. இந்தக் கடைசி இரண்டையும் பலர் எழுதாமல் விடுகிறார்கள். பத்து வருஷம் கழித்து வழக்குக்குப் போவது பெரும்பாலும் இவைதான்.

பவர் பத்திரம் கொடுப்பதில்தான் மனைக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மொத்த மனைக்கும் விற்பனை அதிகாரம் கொடுக்கவே கூடாது. கட்டுநரின் பாதி, அதாவது 3,267 சதுர அடி பிரிபடாத மனைப் பங்குக்கு மட்டும், அதையும் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். இரண்டாம் மாடிக் கூரை முடிந்ததும் இரண்டு வீட்டுக்கான பங்கு, பூச்சு முடிந்ததும் இரண்டு, உங்கள் ஆறு வீட்டின் சாவியும் பணி நிறைவுச் சான்றிதழும் கைக்கு வந்த பிறகு கடைசி இரண்டு. மூலப் பத்திரத்தைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பாதியை அடமானம் வைக்க அதிகாரம் இல்லை என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

மனை 500 சதுர மீட்டருக்கு மேல், வீடு எட்டுக்கு மேல். அதனால் இந்தத் திட்டத்தை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், அதாவது ரெராவில், பதிவு செய்த பிறகுதான் விளம்பரமே செய்யலாம். வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருந்து, வேலை நடக்க நடக்கத்தான் எடுக்க முடியும். உங்கள் பங்கு வீட்டைக் கட்டி முடிக்கும் முன்பே விற்றால், நீங்களும் திட்டத்தின் விற்பனையாளர் என்ற பொறுப்புக்குள் வருவீர்கள். வருமான வரியிலும் ஒரு சங்கதி உண்டு. பதிவு செய்த கூட்டு ஒப்பந்தமாக இருந்தால், தனிநபருக்கு மூலதன ஆதாய வரி பணி நிறைவுச் சான்றிதழ் கிடைத்த ஆண்டில்தான் விழும். அதற்கு முன் உங்கள் பங்கை விற்றால் இந்தச் சலுகை போய்விடும். பத்திரம் பதிவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

கிணற்றை மூட வேண்டாம். வரைபடத்தில் கட்டடத்தைச் சற்று நகர்த்திக் கிணறு செட்பேக்கில் விழும்படி செய்தால், அது மழைநீர்க் கிணறாகக் காலத்துக்கும் உதவும். மூடிய கிணற்றின் மேல் தூண் வருவது பெரிய வம்பு. எவ்வளவு கெட்டியாக நிரப்பினாலும் அந்த மண் வருஷக் கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் '1,125 சதுர அடி' என்று சொன்ன ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். டேப் வைத்து உள்ளே அளந்தால் 790தான் வருகிறது. ஏமாந்துவிட்டோமா?
- ஒரு வாசகி, பழையபேட்டை

பதில்: அளவு காணாமல் போகவில்லை, சொன்ன விதம்தான் தவறு. சுவருக்குள் கால் வைக்கும் இடம், நடுச்சுவர்கள் சேர்த்து, கார்ப்பெட் ஏரியா. உங்களுடைய 790 அதுதான். வெளிச்சுவரும் பால்கனியும் சேர்த்தால் சுமார் 900. அதன் மேல் படிக்கட்டு, நடைபாதை, லிஃப்ட் எல்லாவற்றிலும் உங்கள் பங்காக 25 சதவீதம் ஏற்றினால் 1,125. இந்த 'ஏற்றும்' சதவீதத்துக்குச் சட்டத்தில் வரையறை கிடையாது. ரெரா சட்டப்படி விற்பனை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியது கார்ப்பெட் ஏரியாதான். மொத்த விலையை 790ஆல் வகுத்துப் பாருங்கள். பக்கத்துக் கட்டடத்தையும் அதே போல வகுத்துப் பாருங்கள். அப்போதுதான் எது மலிவு என்று தெரியும்.

அதைவிட முக்கியம், மனைப் பங்கு. கட்டடம் தேயும், மண் தேயாது. மொத்த மனையை உங்கள் வீட்டின் பரப்பால் பெருக்கி, எல்லா வீடுகளின் மொத்தப் பரப்பால் வகுத்தால் உங்கள் பங்கு வரும். 6,534 சதுர அடி மனையில் ஒரே அளவான 12 வீடு என்றால் ஒவ்வொன்றுக்கும் 544.5 சதுர அடி. பத்திரத்தில் 400 என்று இருந்தால் மீதியை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள். எல்லா வீட்டின் பங்கையும் கூட்டினால் முழு மனை வருகிறதா என்று கேட்டு, அட்டவணையை வாங்கிப் பாருங்கள்.

ரெரா பதிவுள்ள திட்டத்தில், ஒப்பந்தம் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அதைத் தாண்டிக் கொடுத்திருந்தால் உடனே ஒப்பந்தப் பதிவைக் கேளுங்கள். பெருநகர் அல்லாத ஊர் என்பதால், கார்ப்பெட் ஏரியா 90 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் ஜி.எஸ்.டி. 1 சதவீதம். உங்கள் 790 சதுர அடி 73 சதுர மீட்டர்தான், எனவே விலை 45 லட்சத்தைத் தாண்டாதவரை யாராவது 5 சதவீதம் கேட்டால் காரணம் கேளுங்கள். பணி நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு வாங்கினால் ஜி.எஸ்.டி.யே இல்லை. புது ஃபிளாட்டை மனைப் பங்கும் கட்டடமும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதியும் முறை 2023 டிசம்பர் 1 முதல் வந்தது. மதிப்பு 50 லட்சம் வரை முத்திரைத்தாள் 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். கைமாறும் பழைய ஃபிளாட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. அதற்கு 9 சதவீதம்.

கேள்வி: மனையில் பூட்டிங் (தூணின் அடித்தளம்) போடக் குழி எடுத்தோம். வடக்குப் பக்கம் 4 அடியில் பாறை. தெற்குப் பக்கம் 8 அடி போயும் செம்மண்தான். மேஸ்திரி, 'பாறை கிடைத்த இடத்தில் அப்படியே உட்கார வைக்கலாம், மண் பக்கம் கொஞ்சம் அகலமாகப் போட்டால் போதும்' என்கிறார். ஸ்டில்ட் வைத்து மூன்று மாடி.
- ஒரு வாசகர், கட்டிகானப்பள்ளி

பதில்: வேலையை நிறுத்துங்கள். இந்த இரண்டு மாவட்டங்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. கிருஷ்ணகிரிக் கோட்டை மலையைப் பார்த்தாலே தெரியும், ஊரே பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்தப் பாறை மட்டமாக இல்லை; மேடும் பள்ளமுமாக, இடையில் செம்மண் நிரம்பிக் கிடக்கிறது.

பாறை அமுங்காது, மண் அமுங்கும். வடக்குத் தூண்கள் அசையாமல் நிற்க, தெற்குத் தூண்கள் இரண்டு சென்டிமீட்டர் இறங்கினாலும் நடுவில் இருக்கும் பீம் அதைத் தாங்க வேண்டும். சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுவது இதனால்தான். பூட்டிங்கை அகலமாக்கினால் மண்ணின் மேல் அழுத்தம் குறையும். ஆனாலும் மண் பாறையாகிவிடாது.

முதலில், கிடைத்தது தாய்ப்பாறையா, உருண்டைக் கல்லா என்று உறுதி செய்ய வேண்டும். இங்கே மண்ணுக்குள் லாரி அளவுக் குண்டுக்கல் தனியாகக் கிடப்பது சாதாரணம். கடப்பாரையில் 'டங்' என்று சத்தம் வந்தால் போதாது. சந்தேகமான இடத்தில் 3 மீட்டர் ஆழத்துக்கு உள்ளே துளையிட்டு மாதிரி எடுத்தால் விவரம் தெரிந்துவிடும். மனையின் இரண்டு மூன்று இடத்தில் மண் பரிசோதனை செய்ய ஆகும் செலவு, ஒரு பூட்டிங்கின் கம்பி, கான்கிரீட் செலவைவிடப் பெரிதாக இராது.

பிறகு இருக்கும் வழிகளில் சிறந்தது, தெற்குப் பக்கத்தையும் பாறை வரை இறக்குவது. இன்னும் மூன்று நான்கு அடியில் சிதைந்த பாறை வந்துவிட்டால், குழியை அதுவரை எடுத்து, அடியில் 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட்டால் நிரப்பி, அதன் மேல் பூட்டிங்கை வைக்கலாம். எடுத்த மண்ணையே திரும்பக் கொட்டி நிரப்பக் கூடாது. பாறை ஆழத்தில் இருந்தால், கட்டமைப்புப் பொறியாளர் பைல் (ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்) கேட்பார். அல்லது வடக்கே பாறையை 30 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி மணல் மெத்தை கொடுத்து, இரண்டு பக்கமும் அசைவைச் சமன் செய்வார். இது கணக்குப் போட்டுச் செய்ய வேண்டியது. மேஸ்திரியின் கண்ணளவில் முடிவு செய்யக் கூடாது. ஒரே பூட்டிங்கின் பாதி பாறையிலும் பாதி மண்ணிலும் இருந்தால் அதை எந்த நிலையிலும் அனுமதிக்க வேண்டாம். பாறை சரிவாக இருந்தால் படி வெட்டி மட்டமாக்கி, கம்பியைப் பாறையில் துளையிட்டு ஊன்ற வேண்டும். இல்லாவிட்டால் பூட்டிங் சறுக்கும்.

வீடுகள் நெருக்கமாக உள்ள இடத்தில் வெடி வைக்கும் பேச்சே கூடாது. பிரேக்கர் வைத்த பொக்லைன் நுழையும் இடத்தில் அதை வைத்தே உடையுங்கள். நுழையாத சந்தில், 38 முதல் 40 மில்லிமீட்டர் துளைகளை ஓர் அடி இடைவெளியில் போட்டு, ஊறி உப்பும் ரசாயனச் சாந்தை ஊற்றினால், ஒரு நாளில் பாறை சத்தமின்றி விரிந்துவிடும். சாந்து ஊற்றிய துளைக்கு நேராகக் குனிந்து பார்க்காதீர்கள். வெயில் நேரத்தில் சாந்து சூடேறித் துளையிலிருந்து பீறிட்டு அடித்துக் கண்ணைக் கெடுக்கும். பிரேக்கர் ஓடும் முன் பக்கத்து வீட்டுச் சுவர்களை, உள்ளும் புறமும், தேதியோடு படம் எடுத்து அவர்களிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். பழைய விரிசலா புது விரிசலா என்ற சண்டை பாதி அதிலேயே தீரும்.

கேள்வி: கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் வீடு வாங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கும்போது படிக்காதவர்கள்கூடக் கவனிக்கக்கூடியது என்ன?
- ஒரு வாசகி, குமாரசாமிப்பேட்டை

பதில்: நாலு விஷயம் போதும். ஈரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இப்போது பெரும்பாலும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட்தான், அதற்குக் குறைந்தது 10 நாள் கியூரிங், அதாவது நனைத்து வைப்பது, வேண்டும், இந்த வெயிலில் 14 நாள் விட்டால் நல்லது. தூணில் சாக்கைச் சுற்றி நனைத்திருக்க வேண்டும். காய்ந்து வெளுத்த தூணைப் பார்த்தால் அன்றே கேளுங்கள்.

இரண்டாவது, முட்டு. கூரைக் கான்கிரீட் போட்டு 7 நாளில் 4.5 மீட்டர் வரையுள்ள இடைவெளியின் முட்டை எடுக்கலாம். 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். அடுத்த மாடிக்குச் சென்ட்ரிங் பலகை வேண்டும் என்று அவசரப்பட்டு உருவுவார்கள். கூரை நடுவில் தொய்வது அதனால்தான்.

மூன்றாவது, கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் வைக்கும் சிறு கட்டியான கவர் பிளாக். பூட்டிங்கில் 50, தூணில் 40, கூரையில் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் கம்பியை மூடியிருக்க வேண்டும். உடைந்த டைல்ஸ் துண்டையும் ஜல்லியையும் வைத்திருந்தால் கான்கிரீட் போடும்போது நழுவிவிடும். கடைசியாக, கியூப் சோதனை. 15 சென்டிமீட்டர் கட்டிகளாக வார்த்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்க்கும் அறிக்கை ஒவ்வொரு கூரைக்கும் இருக்க வேண்டும். நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் சோதனை நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் 12 வீட்டுக்கும் போர் தண்ணீர்தான். 800 அடி. உப்பாக இருக்கிறது, கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறது. காய்ச்சிக் குடித்தால் ஃபுளோரைடு போய்விடுமா? ஒகேனக்கல் தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறது. எப்படிச் சேமிப்பது?
- ஒரு வாசகர், பாரதிபுரம்

பதில்: காய்ச்சினால் போகாது, கூடும். தண்ணீர் ஆவியாகிறது, ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்குகிறது. இந்திய தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை. இந்த இரண்டு மாவட்டத்து நிலத்தடிப் பாறையே ஃபுளோரைடு கசிவது. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் வந்து, 2013இல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. கெட்டிலில் படியும் வெள்ளை வேறு சங்கதி, அது கடினத்தன்மை. வெள்ளை படியாத தண்ணீரிலும் ஃபுளோரைடு இருக்கலாம்; கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை. பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடு இதைத் தள்ளிப் போடக் கூடாது. பல்லில் விழுந்த கறை திரும்ப மாறாது.

இரண்டு தண்ணீரையும் ஒரே சம்ப்பில் விடுவதுதான் அடுக்ககங்கள் செய்யும் பெரிய தவறு. நல்ல நீரும் கெட்டு, ஒகேனக்கல் தண்ணீர் கழிவறைக்குப் போகிறது. தனித்தனியாக்குங்கள். வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் 12 வீட்டுக்கு நாளைக்கு 6,480 லிட்டர். இரண்டு நாள் கையிருப்புக்கு 13,000 லிட்டர் போர் சம்ப் வேண்டும். உள்ளளவு 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், நீர் உயரம் 1.8 மீட்டர் என்றால் சரியாக இருக்கும். குடிக்கவும் சமைக்கவும் வீட்டுக்கு 20 லிட்டர் என்றால் நாளைக்கு 240 லிட்டர்தான். வாரத்தில் இரண்டு நாள் வரத்துக்கு 2,000 லிட்டர் தனித் தொட்டி தாராளம். அதிலிருந்து மாடித் தொட்டிக்கும், ஒவ்வொரு சமையலறைக்கும் ஒரே ஒரு குழாயாகத் தனி லைன் இழுங்கள். கட்டும்போது செய்தால் சின்னச் செலவு. குடியேறிய பிறகென்றால் ஷாஃப்ட் (குழாய்கள் இறங்கும் சந்து) வழியாக வெளிப்புறமாகத்தான் இழுக்க முடியும்; ஆனாலும் செய்யத் தகுந்தது.

ஒகேனக்கல் தண்ணீர் போதாத நாளுக்குத்தான் ஆர்.ஓ. வீட்டுக்கு வீடு வைப்பதைவிட, குடிநீர் லைனுக்கு ஒரே பொது ஆர்.ஓ. வைத்தால் மெம்பரேன் மாற்றுவது ஒழுங்காக நடக்கும். அது கழிக்கும் நீரில் ஃபுளோரைடும் உப்பும் செறிந்திருக்கும். அதை மழைநீர்க் கிணற்றில் விட்டு, திரும்ப நிலத்துக்கே அனுப்பாதீர்கள். கழிவறை ஃபிளஷுக்குப் பயன்படுத்தலாம்.

மழைநீரை விட்டுவிட வேண்டாம். 300 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3,000 லிட்டர். கசிவு, தெறிப்பு போக 2,400 லிட்டர் கைக்கு வரும். முதல் பத்து நிமிட நீரை வெளியே விட்டு, மீதியை ஜல்லி, மணல் வடிகட்டி வழியாகப் போருக்கு அருகே உள்ள உறிஞ்சு கிணற்றுக்குக் கொண்டுபோனால், இரண்டு மூன்று மழைக்காலத்தில் போர் நீரின் உப்பு இறங்க வாய்ப்பு உண்டு. செப்டிக் டேங்க் போரிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பதையும் சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தரைத்தளம் சேர்த்து மூன்று தளம், ஒன்பது வீடு. லிஃப்ட் வைக்கலாமா? பொது மின் கட்டணம் ஏறும் என்கிறார்களே?
- ஒரு வாசகர், லண்டன்பேட்டை

பதில்: ஏறும். 10 வீட்டுக்குள், மூன்று தளத்துக்குள், லிஃப்ட் இல்லாத அடுக்ககங்களுக்குப் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கு 2023இல் யூனிட் 8 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைத்தார்கள். பிறகு கட்டணத் திருத்தம் வந்தாலும் அந்தத் தனிப் பிரிவு இருக்கிறது. லிஃப்ட் வைத்தால் அதிலிருந்து வெளியேறுவீர்கள்.

ஆனாலும் வயதானவர்கள் மாடியில் குடியேறப் போகிறார்கள் என்றால் வைப்பதே நல்லது. இப்போது பணமில்லை என்றாலும் லிஃப்ட் ஓடும் ஷாஃப்ட்டும் அதன் அடியில் குழியும் கட்டிவிடுங்கள். ஆறு பேர் ஏறும் 408 கிலோ லிஃப்ட்டுக்கு ஏறக்குறைய 1.5 மீட்டர் குழியும், கடைசித் தளத்துக்கு மேல் 4 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரமும் வேண்டும். சரியான அளவை வாங்கப் போகும் கம்பெனியின் வரைபடத்திலிருந்து எடுங்கள். குழிக்குள் தண்ணீர் ஊறாமல் பூச்சு முக்கியம். கரண்ட் போனால் பக்கத்துத் தளத்தில் நின்று கதவு திறக்கும் கருவி இல்லாத லிஃப்ட்டை வாங்காதீர்கள். மின் ஆய்வுத் துறையின் உரிமம் இல்லாமல் ஓட்டக் கூடாது.

கேள்வி: மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து எங்கள் கூரையில் நீர் கசிகிறது. மேல்வீட்டு அக்கா, 'டைல்ஸ் இடுக்கை அடைத்துவிட்டேன், இனி என் பொறுப்பில்லை' என்கிறார். கட்டடம் முடிந்து மூன்று வருஷம்.
- ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: முதலில் எந்த நீர் என்று கண்டுபிடிக்க வேண்டும். யாரும் குளிக்காத இரவிலும் ஒரே சீராகச் சொட்டினால் அழுத்தக் குழாயில் ஓட்டை. குளித்த பிறகு மட்டும் வந்தால் நஹானி டிராப் (தரையில் நீர் வெளியேறும் வாய்) இணைப்பு அல்லது கழிவுக் குழாய். எப்போதும் ஈரத் திட்டாக மட்டும் பரவி நின்றால் தரை உறிஞ்சுகிறது. உறுதி செய்ய, டிராப்பைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விடுங்கள். அப்போது கசியாமல், அடைப்பை எடுத்து வண்ணப் பொடி கலந்த நீரை ஊற்றியதும் வண்ணம் இறங்கினால் குற்றம் டிராப்பில்தான்.

இங்கே பெரும்பாலான வீடுகளில் குளியலறைத் தளத்தை ஓர் அடி இறக்கி, செங்கல் ஜல்லி கொட்டி நிரப்பியிருப்பார்கள். டைல்ஸ் வழியாக இறங்கும் நீர் அந்தப் பள்ளத்தில் தொட்டி மாதிரி தேங்கி நிற்கும். மேலே இடுக்கை அடைப்பதால், உள்ளே தேங்கிய நீர் வற்றும்வரை கசிவு நிற்காது. அதனால் அந்த அக்காவின் வேலை முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. மூன்று வாரம் பாருங்கள். நிற்கவில்லையென்றால் டைல்ஸை எடுக்க வேண்டியதுதான். ஜல்லியை முழுவதும் வெளியேற்றி, பள்ளத்தின் அடியில் ஷாஃப்ட் பக்கமாக ஒரு சிறு வடிகால் குழாய் வையுங்கள். கூரையில் குழாய் நுழையும் ஓட்டைகளைச் சுருங்காத சாந்தால் அடையுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் 5 சென்டிமீட்டருக்குச் சாய்வாகச் சாந்து பிடித்து, பாலிமர் கலந்த நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட், ஒன்றுக்கு ஒன்று குறுக்காக. சுவரில் ஓர் அடி உயரம், ஷவர் இருக்கும் சுவரில் ஆறடி. காய்ந்ததும் மறுபடி 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதித்த பிறகே டைல்ஸ். சரிவு 80க்கு 1, அதாவது ஏறக்குறைய ஆறரை அடிக்கு ஓர் அங்குலம். அவசரத்தில் விட்டுப்போவது இந்த இரண்டாவது சோதனைதான். அதை எழுதி வாங்காமல் காண்டிராக்டருக்குக் கடைசித் தவணை கொடுக்காதீர்கள்.

பணம் யார் கொடுப்பது? ஷாஃப்ட்டில் இருக்கும் பொதுக் குழாய் என்றால் சங்கம். குளியலறைக்குள் என்றால் அந்த வீட்டுக்காரர். ஆனால் உங்கள் திட்டம் ரெராவில் பதிவானது என்றால், ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் வரும் கட்டுமானக் குறைகளைக் கட்டுநர் 30 நாளில் இலவசமாகச் சரி செய்து தர வேண்டும். உங்களுக்கு மூன்று வருஷம்தான் ஆகிறது. நீங்களும் மேல்வீட்டு அக்காவும் சண்டை போடாமல், இரண்டு பேரும் கையெழுத்திட்டு, படங்களோடு பதிவுத் தபாலில் கட்டுநருக்கு அனுப்புங்கள்.

கேள்வி: ஸ்டில்ட்டில் பாதியை அடைத்து இரண்டு கடை கட்டி வாடகைக்கு விட்டால் பராமரிப்புச் செலவு தீரும் என்று சங்கத்தில் பேசுகிறார்கள். செய்யலாமா?
- ஒரு வாசகர், தருமபுரி

பதில்: கூடாது. ஸ்டில்ட்டை வாகன நிறுத்தம் என்று காட்டித்தான் எஃப்.எஸ்.ஐ. கணக்கிலிருந்து விலக்கு வாங்கியிருக்கிறார்கள். கடையாக்கினால் அது அனுமதி மீறல், சீல் வைக்கலாம்.

கட்டடத்துக்கும் ஆபத்து. மேலே சுவர்களோடு விறைப்பாகவும், கீழே வெறும் தூண்களாகவும் நிற்கும் கட்டடம் ஏற்கெனவே இடுப்பில் பலவீனமானது. 2001 ஜனவரி 26இல் குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் சரிந்த அடுக்ககங்களில் பல இப்படி ஸ்டில்ட் வைத்தவை. ஒரு மூலையை மட்டும் செங்கல் சுவரால் அடைத்தால் கட்டடம் அசையும்போது அந்த மூலையைச் சுற்றித் திருகும். பாதி உயரத்துக்கு மட்டும் சுவர் வைத்தால் தூணின் மீதிப் பாதியில் எல்லா விசையும் குவிந்து, அங்கே வெட்டியது போல ஒடியும்.

வெள்ளத்தையும் நினையுங்கள். ஃபெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஏரி நீர் புகுந்து வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டன. திறந்த ஸ்டில்ட்டில் நீர் வந்து வடிந்துவிடும். அடைத்த ஸ்டில்ட்டில் நிற்கும். மீட்டர் பெட்டியும் சம்ப் மூடியும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று இப்போதே பாருங்கள். மீட்டர் பெட்டி இடுப்பு உயரத்துக்கு மேலும், சம்ப் வாய் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தியும் இருந்தால் நல்லது. சங்கத்துக்குப் பணம் வேண்டுமென்றால், கடை வாடகையை நம்பாமல் மாதப் பராமரிப்பைச் சதுர அடிக் கணக்கில் திருத்துங்கள்.

கேள்வி: எங்கள் கட்டடம் முப்பது வருஷப் பழசு, எட்டு வீடு. இடித்துக் கட்ட ஆறு பேர் சம்மதம், இரண்டு பேர் மறுக்கிறார்கள். முடியுமா?
- ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: முடியும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் மறுகட்டுமானத்துக்கு வழி செய்கிறது. எட்டில் ஆறு என்பது அதைத் தாண்டியது. முதலில் சங்கத்தைப் பதிவு செய்து, பொதுக்குழுத் தீர்மானமாகப் பதியுங்கள்.

அதற்கு முன் எட்டுப் பத்திரத்தையும் ஒரே மேசையில் வைத்து மனைப் பங்கைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் காலப் பத்திரங்களில் கூட்டுத்தொகை முழு மனைக்கு வராமல் 10, 15 சதவீதம் கட்டுநர் பெயரிலேயே தங்கியிருக்கும், அல்லது மொட்டைமாடி உரிமையை அவர் தனக்கு வைத்துக்கொண்டிருப்பார். அதைத் தீர்க்காமல் புதுக் கட்டுநரிடம் பேசினால் அவர் வங்கியில் மாட்டிக்கொண்டு நிற்பார். எழுத்துப் பிழையால் வந்த குறை என்றால் பிழைதிருத்தல் பத்திரம் போதும். உண்மையிலேயே பங்கு மிச்சமிருந்தால் அவரிடமிருந்தோ அவர் வாரிசுகளிடமிருந்தோ கிரயம் வாங்க வேண்டும். மறுக்கும் இருவரிடமும் புது வீட்டின் கார்ப்பெட் ஏரியா, மனைப் பங்கு, இடைக்கால வாடகை மூன்றையும் எண்களாக எழுதிக் கொடுங்கள். பெரும்பாலான மறுப்புகள் இந்த மூன்றில் ஏதோ ஒன்று வாய்ப்பேச்சாக இருப்பதால் வருபவைதான்.